உள்வரவு மேசை

ஓய்வூதியத் துறை இந்தக் கட்டடம் இல்லை, அம்மா.
இது வரவுசெலவு.
இரண்டுக்கும் அமைச்சர் ஒருவர்தான்.
ஆனால் நடுவில் ஒரு சாலை கிடக்கிறது.
பத்து வண்டி பக்கம் பக்கமாகப் போகலாம் அதில்.
காலையிலிருந்து மூன்று போயின. எண்ணினேன்.

தமிழ் என்று எப்படித் தெரிந்ததா?
படியேறும்போது முழங்காலை ஏசினீர்கள்.
பர்மியில் யாரும் முழங்காலைச் சனியனே என்பதில்லை.

உட்காருங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்த முகம்.
தனாக்காகூடக் காய்ந்து உதிர்கிறது.

கீழ்த்தளம் நான். உள்வரவு.
வரும் காகிதத்துக்கு ஓர் எண், ஒரு நேரம், ஒரு முத்திரை.
இந்த மேசையைத் தொடாத காகிதம்
இந்த நாட்டில் பிறக்கவே இல்லை.
முதல் தளம் சம்பளம்.
இரண்டாவது மூலதனச் செலவு,
அணைக்கட்டும் பாலமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன,
கம்பளம் உண்டு, உங்களுக்கு அங்கே வேலையில்லை.
மூன்றாவதில் தலைமை இயக்குநர். அவருக்குத் தனிப் படிக்கட்டு.
பதினான்கு வருஷமாக அவர் பதவியை
செருப்புச் சத்தமாகத்தான் அறிவேன்.
அவருக்குக் கீழே துணை இயக்குநர்கள் நால்வர்.
தணிக்கை மாதத்தில் நால்வருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும்.

ரங்கூனில் இதெல்லாம் ஒரே தாழ்வாரம்.
ஒரு துறை தும்மினால் மறுதுறை கதவைச் சாத்தும்.
எதிர்த்த தேநீர்க் கடையில்,
சமோசா எண்ணெய் பட்ட விரலோடு,
கோப்புகள் கைமாறும்.
பிறகு ஒரு விடியலில் லாரிகள் வந்து நின்றன.
அகர வரிசையில் ஏற்றச் சொன்னார்கள்.
'ய'வில் தொடங்கும் மனிதர்கள் மேல் உட்கார்ந்து
பியின்மனா வரை வந்தேன்.
பழைய அலமாரியின் சாவி இன்னும் என்னிடம்.
அலமாரி வரவில்லை.

இங்கே வீட்டுக் கூரைக்கும் துறைவாரியாக நிறம்.
சம்பளப் பிரிவு ஆள் ஒருவர் குடித்துவிட்டு வந்து
வேளாண்மையின் வீட்டில் படுத்துவிட்டார்.
நல்ல வேளை,
அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை.

என் பெயரா? பலகையில் இருக்கிறதே, ஊ மியா தெய்ன்.
வீட்டில் வேறு.
அதற்கு இங்கே கட்டம் கிடையாது.

கொடுங்கள் காகிதத்தை.

ம்.

இவருக்கு மூன்று பெயர், தெரியுமா?
பள்ளிச் சான்றில் வயிரவன்.
பணிப் பதிவேட்டில் ஊ வின் மௌங்.
சம்பளப் பட்டியலில் வையாவன்.
ரங்கூனை யாங்கோன் ஆக்கிய அதே நாக்கு,
ரகரத்தை நிற்க விடாது.

ஓய்வூதியத் துறை சொல்வது சரி.
ஊ வின் மௌங் இறந்தார், மார்ச் ஒன்பது,
மருத்துவமனை முத்திரை இருக்கிறது.
வயிரவனை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.
ஆனால் வையாவன்...

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.
வையாவன் இறக்கவில்லை.
மேலே, முதல் தளத்தில்,
பெகு கருவூலத்தின் மூன்றாம் நிலை எழுத்தராக
மாதாமாதம் அவருக்குச் சம்பளம் ஒதுக்குகிறார்கள்.
மாதாமாதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது.
போன ஏப்ரலில் ஒரு ஊதிய உயர்வும் போட்டிருக்கிறார்கள்,
ஒழுங்கான வருகைக்காக.

அவரைச் சாகடித்தால்தான் உங்களுக்குப் பணம்.
அதற்கு மூன்று படிவம், இரண்டு சாட்சி,
மூவரும் ஒருவரே என்று ஒரு நீதிபதி.
பிறகு சாலையைத் தாண்டி அங்கே.
அங்கிருந்து திரும்ப இங்கே, என்னிடம்,
நான் ஓர் எண் போட.

என்ன சிரிக்கிறீர்கள்?

சிரிக்கவில்லையா.
சரி.

என்ன கேட்டீர்கள்? காது கொஞ்சம் மந்தம்.
அவர் உயிரோடிருக்கும் பிரிவு எத்தனையாவது மாடி என்றா?

முதல் தளம்.
இடது பக்கம், தண்ணீர்க் குடத்தைத் தாண்டி.
பதினெட்டுப் படி.
மெதுவாகப் போங்கள், நாலரைக்குத்தான் பூட்டுவார்கள்.

நான் நேரம் குத்த வேண்டும்.
மூன்று ஐம்பத்திரண்டு.